தோற்றம், மறைவு, பூவரசு

உக்காருங்க டீச்சர். ஃபேன் பக்கமா நாற்காலியைப் போட்டுக்கங்க. மெஷின்ல இப்ப ஒரு காதுகுத்து பேனர் ஓடிட்டு இருக்கு. அது முடிஞ்சு ஒரு வளைகாப்பு, அதுக்கப்பறம்தான் உங்களுது. நடுவுல நிறுத்தினா கலர் மாறிடும். வெயில்ல வந்திருக்கீங்க, இருந்து கையோட வாங்கிட்டே போயிடுங்க. இதுக்காக இன்னொரு தடவை பஸ் ஏறி வரணுமா என்ன?

படிச்சேன், படிச்சேன். நல்லாத்தான் எழுதிக் குடுத்திருக்கீங்க. ‘நம் பள்ளியைப் பசுமையாக்குவோம், பொதுமக்களே ஆதரவு தாரீர்!’ சிரிக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் ‘பொதுமக்களே’ இருக்கு பாருங்க, அதைப் பாத்துதான் சிரிச்சேன். இந்தக் கடையில எத்தனையோ பேனர் அடிக்கிறேன். கட்சிக்காரன் அடிக்கிறான், கல்யாண வீட்டுக்காரன் அடிக்கிறான். அந்த ஒரு வார்த்தையைப் பாத்தா மட்டும் எனக்கு வயிறு எரியுது.

தொட்டிக்குடி ஸ்கூலைப் பாத்துட்டுதான் உங்களுக்கு இந்த ஆசையே வந்துச்சுன்னு சொன்னீங்க இல்ல? குட்டையைப் பாத்திருப்பீங்க. தவளை பாத்திருப்பீங்க. புள்ளைங்க மரத்துல உக்காந்துக்கிட்டுப் பாடம் படிக்கிறதைப் பாத்து போட்டோ எடுத்திருப்பீங்க. அங்க யாராவது என் பேரைச் சொன்னாங்களா? ஞானசேகர்னு ஒரு பேரு உங்க காதுல விழுந்துச்சா? விழாது. விழ விடமாட்டாங்க. அந்த ஸ்கூலுக்கு மொத மரக்கன்னு கொண்டாந்தவன் நான் டீச்சர். ஊரையே திரட்டிக் கொண்டாந்து நிறுத்தினவன் நான். அத்தனை பேரும் சேந்து என் காலை வாரி விட்டுட்டாங்க. ஊரு வாரினாக்கூடப் பரவால்ல. சொல்றேன், கேளுங்க. நாளைக்கு உங்களுக்கும் இதுதான் நடக்கும், அதுக்காகத்தான் சொல்றேன்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அந்த மைதானத்தை நீங்க பாத்திருக்கணும். மூலையில ஒரே ஒரு வேப்பமரம். மிச்சமெல்லாம் வெட்டவெளி, வத்தல் காயப் போடலாம். காலைல ப்ரேயர்ல நிக்கும்போதே ஒண்ணு ரெண்டு புள்ளைங்க மயங்கி விழும். என் பையன் அங்கதான் படிச்சான். இனியன். வெளிய போர்டுல ‘இனியன் டிஜிட்டல்ஸ்’னு பாத்தீங்க இல்ல, அவன்தான். அஞ்சாவது படிக்கும்போது காய்ச்சல் வந்துச்சு. டெங்குன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், திரும்பக் கூட்டிட்டு வரலை. அதைப் பத்தி நான் பேசமாட்டேன். யார்கிட்டயும் பேசுறதில்ல.

கொஞ்ச நாள் கழிச்சு ஸ்கூல்ல இருந்து சொல்லி அனுப்பினாங்க, அவன் டிபன் பாக்ஸ் வகுப்புலயே கெடக்குன்னு. வாங்கப் போனேன். வாங்கிக்கிட்டு மைதானத்துக்கு நடுவுல நின்னேன். இங்கதான அவன் தெனம் ஓடினான், இந்த மண்ணைத்தான் சட்டையெல்லாம் பூசிக்கிட்டு வீட்டுக்கு வந்தான்னு பாக்குறேன், ஒரு தடம் இல்லை. அவன் இருந்தான்னு சொல்றதுக்கு அங்க ஒண்ணுமே இல்லை. அப்பதான் தோணுச்சு. அவன் பேரோட, அவன் முகத்தோட, இந்த இடத்துல ஒரு மரம் நிக்கணும். நான் ஆசைப்பட்டது அது ஒண்ணுக்குத்தான் டீச்சர். வேற எனக்கு என்ன வேணும்? பதவியா, புகழா?

அந்தச் சமயத்துலதான் புது ஹெச்.எம். வந்தாங்க. தமயந்தி மேடம். நீங்க பாத்துப் பேசியிருப்பீங்க, மெதுவாப் பேசுவாங்க, பேசுறது பாதி காதுலயே விழாது. அவங்களுக்கும் மைதானத்தைப் பச்சையாக்கணும்னு ஆசை. என்ன பண்ணாங்க தெரியுமா? புள்ளைங்களைக் கூப்பிட்டு, ‘உங்களுக்கு எப்படி வேணும், வரைஞ்சு காட்டுங்க’ன்னாங்க. புள்ளைங்க பெரிய சார்ட்டு ஒண்ணு வரைஞ்சுதுங்க. தவளை இருக்குற குட்டை, ஒளிஞ்சு வெளையாடப் புதரு, ஏறுறதுக்கு மரம், பொரண்டு வெளையாடச் செம்மண்ணு, குதிக்கிறதுக்கு மரக்கட்டை. ஒரு பொண்ணு முயல் வேற வரைஞ்சிருந்துச்சு. நான் சிரிச்சுட்டேன். ‘மேடம், புள்ளைங்க ஆசைக்கு வரையும். ஊரு ஒத்துக்கணுமே? புதருன்னா பாம்புன்னுவான், குட்டைன்னா கொசுன்னுவான்.’ எனக்குக் கொசுன்னாலே ஆகாது டீச்சர், உங்களுக்குத் தெரியாதது இல்லை. ‘வெளையாடப் போறது அவங்கதான சார்’னாங்க மேடம். வெளியூர்க்காரங்க, ஊரு மனசு தெரியாது. ‘ஊரு ஆதரவை என்கிட்ட விடுங்க, நான் கொண்டாரேன்’னு சொன்னேன்.

மொதல்ல ஒரு கூட்டம் போட்டேன். அந்த வேப்பமரத்துலயே நாலு பெரிய ஆணியா அடிச்சு, ‘மரம் வளர்ப்போம், மனிதம் காப்போம்’னு பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ் கட்டினேன். என் செலவு. ஊரே பாத்துச்சு. கூட்டத்துக்கு வந்தது யாரு? டீ குடிக்கிறதுக்கு ஒரு ஏழெட்டுப் பேரு. அதுலயும் ஒருத்தன் கேக்குறான், ‘எலை உதிந்தா யாரு கூட்டுவா?’ இன்னொருத்தன், ‘கல்யாணம் காட்சின்னா காரெல்லாம் எங்க நிறுத்துறது?’ ஒரு அம்மா, ‘நாங்க நெல்லு காயப் போடுறோமே, நெழல் விழுந்தா எப்படிக் காயும்?’ புள்ளைங்க படிக்கிற எடம்யா அதுன்னு சொல்லத் தோணுச்சு. அடக்கிக்கிட்டேன்.

அப்பறம்தான் ஒரு நாள் காத்தவராயன் கடைக்கு வந்தான். ரைஸ்மில் காத்தவராயன். அவங்கப்பாவுக்கு மொத வருஷ நினைவஞ்சலி, போஸ்டர் அடிக்கணும். டிசைன் போட்டுக்கிட்டே பேசிட்டு இருக்கோம். அவன் சொல்றான், ‘என்னத்த அடிச்சு என்ன ஞானசேகரு, சாயங்காலம் ஒட்டினா காலைல ஆடு பசைக்காகத் தின்னுட்டுப் போயிடுது. எங்கப்பா தாடையில இருந்து தின்ன ஆரம்பிக்குது.’ எனக்குச் சுரீர்னு ஒண்ணு தோணுச்சு. ‘போஸ்டர் எதுக்கு? ஒரு மரம் வையி. ஸ்கூல் மைதானத்துல. கன்னைச் சுத்தி வைக்கிற கூண்டுல அப்பா படத்தை மாட்டிடலாம். எந்த ஆடும் தின்னாது. நூறு வருஷம் நிப்பாரு.’ அவன் என்னையே பாத்தான். கண்ணுல தண்ணி நின்னுச்சு. ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டான்.

நான் யாரு டீச்சர்? இந்த ஊர்ல யாரு செத்தாலும் கண்ணீர் அஞ்சலி அடிக்கிறவன். எந்த வீட்டுல எப்ப துக்கம், யாருக்கு யாரு மேல உசுரு, எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீடாப் போனேன். மரம் வைங்கன்னு கேட்டப்ப கதவைச் சாத்தினவன்லாம், உங்கம்மாவுக்கு மரம்னதும் நாற்காலி எடுத்துப் போட்டான். வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஃபோன் வந்துச்சு, எங்க பாட்டனுக்கு ஒண்ணு வைங்கன்னு. எடம் பத்தலை! நீங்க கேக்குறீங்களே பொதுமக்கள் ஆதரவு, அதை நான் கண்ணால பாத்தவன்.

மேடம் மட்டும் தயங்கினாங்க. ‘புள்ளைங்க வெளையாடுற எடம் சார். செத்தவங்க படமெல்லாம்…’னு இழுத்தாங்க. ‘மேடம், ஊரு மொத மொதலா சரின்னு சொல்லியிருக்கு. இதையும் விட்டா மரமே இல்ல, பாத்துக்கங்க’ன்னேன். யோசிச்சாங்க. யோசிச்சுட்டு, கன்னு எதுன்னு மட்டும் நான் சொல்றேன்னாங்க. பூவரசு, புங்கை, நாவல், இலுப்பைன்னு அவங்கதான் எழுதிக் குடுத்தாங்க.

என் வீட்டுக்காரி பூங்கொடியும் ஒண்ணு சொன்னா. அவ அதிகம் பேசுறவ இல்லை, பையன் போனதுல இருந்து சுத்தமாப் பேச்சு இல்லை. கூண்டு போர்டுக்கு நான் இங்க டிசைன் போட்டுட்டு இருக்கேன், சாப்பாடு கொண்டாந்தவ பின்னாடி வந்து நின்னா. ‘போட்டோ வேணாங்க. மரம் மட்டும் போதும்’னா. அவ்வளவுதான் சொன்னா. ‘போட்டோ இல்லாம எப்படித் தெரியும் அது அவன் மரம்னு? உனக்கு இதெல்லாம் புரியாது, பாத்திரத்தை எடுத்துட்டுப் போ’ன்னேன். போயிட்டா.

நட்ட அன்னைக்கு நீங்க பாத்திருக்கணுமே! ஐப்பசி மழை பெஞ்சு ஓஞ்சிருக்கு, மண்ணு பூவா இருக்கு. ஊரே திரண்டு வந்திருக்கு. வரிசையாப் பச்சைக் கூண்டு. ஒவ்வொண்ணுலயும் போர்டு. கம்ப்யூட்டர்ல எல்லாரோட அஞ்சலி டிசைனும் ஏற்கெனவே இருந்துச்சா, வசதியாப் போச்சு. நடுவுல படம், படத்துக்கு மாலை, ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு எரியுது, மேல தோற்றம், மறைவு, கீழ ‘உன் நினைவில் வாடும் குடும்பத்தார்’. அதுக்கும் கீழ சின்னதா, ‘ஏற்பாடு: ஞானசேகர், இனியன் டிஜிட்டல்ஸ்’. சின்னதாத்தான் போட்டேன். பேரு போட்டுக்கணும்னு எனக்கு என்ன ஆசையா? யாராவது வெளங்காம கேட்டா பதில் சொல்ல ஒரு ஆளு வேணாமா? படம் புள்ளைங்க கண்ணுக்கு நேரா இருக்கணும்னு ஸ்கேல் வச்சு அளந்து மாட்டினேன்.

இனியனுக்குக் கொடிக்கம்பத்துக்கு எதிர்ல எடம். பூவரசம் போத்து, அதான் வெட்டின கெளை, என் கை மொத்தம் இருக்கும், ஆளு ஒசரத்துக்கு நட்டேன். பூவரசு போத்து நட்டா வெரசா வரும். யூனிஃபார்ம் போட்ட படம் அவனுது. சிரிக்கிறான். அதுக்கு மாலையை நானேதான் மவுஸால இழுத்து வச்சேன்.

அதுக்கப்பறம் பாருங்க, இந்த ஊர்ல எந்த மரம் வச்சாலும் ஒரு மாசத்துல காஞ்சுடும், இதுக்குத் தண்ணி ஊத்தாத நாளே இல்லை. காலைல ஒருத்தன் குடத்தோட வருவான், சாயங்காலம் ஒருத்தி வருவா. ‘அப்பா, தண்ணி குடிப்பா’ன்னு பேசிக்கிட்டே ஊத்துவாங்க. கன்னெல்லாம் தளதளன்னு வந்துச்சு. எந்த வனத்துறை பண்ணும் இதை?

குறை சொல்றவன் எதையும்தான் சொல்லுவான். தை அமாவாசை வந்துச்சு. எலை போட்டுப் படைச்சாங்க. சொந்த அப்பன் ஆத்தாளுக்குப் படைக்கிறது தப்பா? எங்க மரம் இருக்கோ அங்கதான படைப்பாங்க? சூடம் ஏத்தி, காக்காயைக் கூப்பிட்டாங்க. உள்ள மூணாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருக்கு, வெளிய ‘கா… கா…’ன்னு ஒரே சத்தம். மேடம் வந்து மெதுவா ஏதோ சொன்னாங்க, யாரு காதுல விழுந்துச்சு? காத்தவராயன் அக்கா சேலத்துல இருந்து வந்தவ, கூண்டைக் கட்டிப் புடிச்சு ஒப்பாரியே வச்சுட்டா. ஒரு வீட்டுல அப்பனுக்குப் புடிக்கும்னு பீடிக்கட்டும் ஒரு குவார்ட்டரும் வச்சுட்டுப் போயிட்டான். அதை நான் கண்டிச்சேன். ஸ்கூல்னு ஒரு இது இல்லையா? பீடிக்கட்டை மட்டும் வையிடான்னேன்.

கீழத்தெரு ஆசாரி ஒருத்தரோட நாவக்கன்னு பட்டுப்போச்சு. அவரு பொண்ணுங்க மூணு பேரும் மாருல அடிச்சுக்கிட்டு வந்துட்டாங்க, அப்பா ரெண்டாந்தரம் செத்துட்டாருன்னு. நான் என்ன பண்ணேன், சத்தமில்லாம அதே எடத்துல வேற கன்னு வாங்கி வச்சு, துளிர் விட்டுருச்சு பாருங்கன்னு காட்டினேன். சந்தோஷமாப் போனாங்க. இப்படி ஒவ்வொண்ணையும் நான்தான் தாங்கினேன் டீச்சர். அந்த மேடமா தாங்கினாங்க?

புள்ளைங்களா? புள்ளைங்களுக்கு என்ன, ஆரம்பத்துல கொஞ்சம் கூச்சப்பட்டுச்சுங்க. பந்து பட்டா பெருசுங்க வந்து திட்டும்ல, ‘எங்கம்மா மூஞ்சியில அடிக்கிறியா’ன்னு. அதனால மைதானத்துல வெளையாடுறதைக் கொறைச்சுக்கிச்சுங்க. செவுத்தோரமாவே நடந்து வகுப்புக்குப் போச்சுங்க. ப்ரேயரைக்கூட வராண்டாவுல வச்சாங்க. நல்லதுதான, வெயில் படாம இருந்துச்சு. கக்கூஸுக்கு அந்தப் பக்கமாப் போகணும்கறதால பொட்டப்புள்ளைங்க நாள் பூரா அடக்கிக்கிட்டே இருக்குதுங்கன்னு மேடம் வந்து சொன்னாங்க. பழகிடும்னேன். ஏழெட்டுப் புள்ளைங்க வேன் வர்ற ஸ்கூலுக்கு மாறிடுச்சுங்க. அது இங்கிலீஷ் மோகம், அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

யாழினின்னு ஒரு பொண்ணு. என் பையன் பக்கத்துலயே உக்காந்திருந்த பொண்ணு, அவன்கூட டிபனைப் பங்கு போட்டுத் தின்னவ. அவ பந்து உருண்டு போயி இனியன் கூண்டுகிட்ட நின்னுருக்கு. எடுக்கப் போனவ, நடுவுலயே நின்னு அழுதிருக்கா. அன்னைக்குக் காய்ச்சல். அவங்கம்மா கூட்டிட்டுப் போய் மந்திரிச்சுத் தாயத்துக் கட்டியிருக்கு. அதோட விடாம, ரேஷன் கடை வரிசையில பூங்கொடிகிட்டயே சொல்லியிருக்கு, ‘தப்பா நெனைக்காத, உம்பையன் எங்க போனாலும் எம்பொண்ணைப் பாத்துக்கிட்டே இருக்கானாம்’னு. அதுக்கப்பறம் பூங்கொடி மூணு நாளு சரியாச் சாப்பிடலை. வயித்தெரிச்சல் புடிச்சவங்க பேசுறதையெல்லாம் மனசுல போட்டுக்காதன்னு நானே சமாதானம் பண்ணேன்.

அப்பதான் மேடம் கடைக்கு வந்தாங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலிதான். ‘மரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் சார். ஒண்ணையும் வெட்ட வேணாம். போர்டையும் கூண்டையும் மட்டும் எடுத்துடலாம். கன்னெல்லாம் வேர் புடிச்சாச்சு. நடுவுல புள்ளைங்க வரைஞ்ச மாதிரி குட்டை, மண்ணு, புதரு எல்லாம் பண்ணிடலாம்’னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! ‘போர்டை எடுத்தா அது வெறும் மரம் மேடம்’னேன். ‘புள்ளைங்களுக்கு வெறும் மரம் போதும் சார்’னாங்க. இப்படி ஒரு பதிலை நீங்க கேட்டிருக்கீங்களா? பெத்தவன்கிட்ட பேசுற பேச்சா அது? ‘என்கிட்ட கேக்காதீங்க. பொதுமக்களைக் கூப்பிடுங்க. அவங்க சொல்லட்டும்’னு சொல்லிட்டேன். ஆமா, கூட்டம் போடச் சொன்னதே நான்தான். அவ்வளவு நம்பினேன்.

‘நம் முன்னோர் முகம் காப்போம்’னு பேனர் அடிச்சேன். வீடு வீடாப் போய்ச் சொன்னேன். எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? ‘நீ போ ஞானசேகரு, நாங்க இருக்கோம்.’ ஒருத்தன்கூட மாத்திப் பேசலை. டீ குடுத்து, வழியனுப்பி வச்சாங்க. எங்க ஊர்ல மொகத்துக்கு நேரா யாரும் முடியாதுன்னு சொல்லமாட்டான் டீச்சர், அது மரியாதை. அந்த மரியாதையை நம்பித்தான் நான் நாசமாப் போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம், ஸ்கூல்லயே கூட்டம். கூட்டம்னா கூட்டம், உக்கார எடமில்லை. மேடம் அதே மெதுவான குரல்ல விஷயத்தைச் சொன்னாங்க. ‘மரம் இருக்கும், படத்தை எடுத்துடலாம்னு நெனைக்கிறவங்க கையைத் தூக்குங்க’ன்னாங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு தைரியமா உக்காந்திருக்கேன். மொத கை யாருது? காத்தவராயன்!

‘என்னடா?’ன்னேன். ‘தெனம் எங்கப்பா மூஞ்சியில நாய் காலைத் தூக்குது ஞானசேகரு. எவ்வளவு நாளைக்குத்தான் வந்து கழுவுறது?’ங்கறான். இதை ஒரு வார்த்தை என்கிட்ட முன்னாடியே சொன்னானா? இன்னும் ஒசரத்துல மாட்டியிருக்கமாட்டேனா? அவனுக்குப் பின்னாடி ஆசாரி பொண்ணுங்க மூணு கை. அப்பறம் அவன், இவன். எவன் எவன்லாம் என் கையைப் புடிச்சு அழுதானோ அவன் கையெல்லாம் மேல நிக்குது. ‘எங்கம்மா சாமிகிட்ட போய்ச் சேந்துட்டாங்க, புள்ளை பயப்படுது’ங்கறான் ஒருத்தன். ‘மரம்தான் இருக்கே, அது போதும்’ங்கறான் இன்னொருத்தன். போதுமாம்! வெறும் மரம் வேணாம்னு மொதல்ல கதவைச் சாத்தினவன் அவன்தான்.

சரி, ஊரு அப்படித்தான். நான் பொம்பளைங்க பக்கம் திரும்பினேன். பூங்கொடி கதவோரமா உக்காந்திருக்கா. அவ கையும் மேலதான் இருந்துச்சு.

என் பொண்டாட்டி டீச்சர். இனியனைப் பெத்தவ. கூட்டத்துல ஒரு நாளும் வாயைத் தெறக்காதவ எந்திரிச்சு நின்னா. அவ சொன்னதை அப்படியே சொல்றேன், ஒரு எழுத்து மறக்கலை நான். ‘அவன்கூடப் படிச்ச புள்ளைங்க அவனைப் பாத்து ஓடுதுங்க. உசுரோட இருந்தப்ப எம்புள்ளை யாரையும் பயமுறுத்தினதில்லை. செத்தப்பறம் எதுக்கு அவனைப் பேயாக்கணும்? எடுத்துடுங்க.’ சொல்லிட்டு உக்காந்துட்டா. அந்த யாழினியோட அம்மா அழுதா. அழட்டும், யாரு வேணாம்னா? எனக்கு முதுகுல சொருகினது அவங்க யாரும் இல்லை. பக்கத்துல படுத்து எந்திரிக்கிறவ.

அதோட விட்டாளா? மறுநாள் கடையில கொறடைக் காணோம்னு தேடுறேன். அவ எடுத்துட்டுப் போயிருக்கா. என் கொறடை வச்சே கம்பியை அறுத்து, அவன் போர்டை எடுத்து, முந்தானையால தொடச்சு, வீட்டுக்குக் கொண்டாந்து செவுத்தோரமா வச்சிருக்கா. ‘படம் வீட்டுல இருக்கட்டும்’னா. வீட்டுல அவன் படம் இல்லாமலா இருக்கு? நான் கேட்டது வீட்டுலயா? அன்னைல இருந்து அவகிட்ட அவசியத்துக்குத்தான் பேசுறேன். அவளுக்கும் அது ஒண்ணும் கஷ்டமாத் தெரியலை.

இது ஆச்சு மூணு வருஷம். அதுக்கப்பறம் நடந்ததைத்தான் நீங்களே பாத்துட்டு வந்துட்டீங்களே. குட்டை வெட்டினாங்க, யாரு? காத்தவராயன் டிராக்டர் குடுத்தானாம். செம்மண்ணு கொட்டினாங்க. விழுந்த பனைமரத்தைக் கொண்டாந்து போட்டாங்க, புள்ளைங்க குதிக்கிதுங்க. வேன் ஸ்கூலுக்குப் போனதுல பாதி திரும்பி வந்துடுச்சுங்க. பேப்பர்ல படம் வந்துச்சு. மேடம் நிக்கிறாங்க, புள்ளைங்க நிக்கிதுங்க, பின்னாடி காத்தவராயன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். ஊரு கூடித் தேர் இழுத்தோம்னு பேட்டி வேற. நான் அந்த ரோட்டுலயே போறதில்லை. கடைக்கு வர்றதுக்கு வாய்க்கா ரோடு சுத்தித்தான் வர்றேன்.

நீங்க எதுக்கும் யோசிச்சுக்கங்க. உங்க ஊர்லயும் சும்மா மரம்னு கேட்டா ஒருத்தனும் அசையமாட்டான். தோற்றம், மறைவு டிசைன் என்கிட்ட ரெடியா இருக்கு, பேரை மட்டும் மாத்தினாப் போதும். படத்தைக் கொஞ்சம் ஒசரமா மாட்டிடலாம், நாய் எட்டாது. வேணாமா? சரி, உங்க இஷ்டம். நான் அனுபவத்துல சொன்னேன்.

போன வாரம் ஒண்ணு நடந்துச்சு. அதை இன்னும் நான் யார்கிட்டயும் சொல்லலை. வாய்க்கா ரோட்டை வெட்டிப் போட்டுருந்தாங்க. வேற வழியில்லாம ஸ்கூல் ரோட்டுல வந்தேன். ஸ்கூல் விட்ட நேரம். வண்டி தானா நின்னுச்சுன்னு வச்சுக்கங்களேன். காம்பவுண்டு செவுத்துக்கு மேல எட்டிப் பாத்தேன்.

பூங்கொடி அங்க நிக்கிறா. சாயங்காலமானா எங்கயோ போறான்னு தெரியும், கோயிலுக்குன்னு நெனைச்சுட்டு இருந்தேன். அந்தப் பூவரசுக்குக் கீழ நிக்கிறா. நல்லா வளந்துருச்சு டீச்சர் அது, மஞ்சளாப் பூத்து நிக்கிது, கொப்பு ரெண்டு பக்கமும் விரிஞ்சு. மேல ரெண்டு மூணு புள்ளைங்க உக்காந்து எலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுதுங்க. கீழ ஒரு பொடியன், ஒண்ணாவது இருப்பான், ஏற பயந்துக்கிட்டு நிக்கிறான். செத்தவங்க மரம்னு பெரியவங்க யாராவது சொல்லி வச்சிருப்பாங்க போல, அவன் கேக்குறான், ‘இது யாரு மரம் அத்தை?’

செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். சொல்லுவா, இப்ப சொல்லுவா, ஒரு தடவையாவது அவன் பேரைச் சொல்லுவான்னு நிக்கிறேன்.

‘யாருதும் இல்ல கண்ணு. ஏறு, நான் புடிச்சுக்கறேன்’னா.

யாருதும் இல்லையாம் டீச்சர். பெத்தவ சொல்றா. இடுப்பைப் புடிச்சுத் தூக்கி அந்தப் பொடியனைக் கொப்புல உக்கார வச்சா. அவன் பயந்து ரெண்டு கையாலயும் அவ முடியைக் கொத்தாப் புடிச்சுக்கிட்டான். விடமாட்டேங்குறான். அவளும் விடச் சொல்லலை. தலையைக் குனிஞ்சு குடுத்துக்கிட்டு அப்படியே நிக்கிறா, நின்னுக்கிட்டுச் சிரிக்கிறா. இனியன் போனதுல இருந்து அவ சிரிச்சு நான் பாத்ததில்லை டீச்சர். நான் எத்தனை நாள் அந்தச் சிரிப்புக்காக அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன் தெரியுமா? ஒரு தடவை சிரிக்கலை. எவன் பெத்த புள்ளையோ முடியைப் புடிச்சு இழுக்குறான், அவன்கிட்ட சிரிக்கிறா.

நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. இதைவிட ஒரு துரோகம் உண்டா?